கவனச் சிதறல்

ஒளி எப்படிச் சிதறுகிறது என்று உலகத்துக்கே சொல்லி, 1930-ல் நோபல் பரிசும் வாங்கியாயிற்று. மூன்று வருஷம் கழித்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது, சர் சி.வி. ராமனை வேறொரு சிதறல் பயமுறுத்தியது. ஆண்பிள்ளைகளின் கவனம்.

சிதறடிக்க வந்தவர் பெயர் கமலா பாக்வத். பின்னாளில் கமலா சொஹோனி. பம்பாய் பல்கலைக்கழக பி.எஸ்சி.யில் முதலாவதாக வந்தவர். அப்பாவும் சித்தப்பாவும் அதே பெங்களூர்க் கழகத்தில் படித்த வேதியியலாளர்கள். மதிப்பெண்ணில் சொட்டை சொல்ல வழியில்லை, குடும்பத்திலும் இல்லை. பெண் என்பது ஒன்றுதான் மிச்சம். அதைச் சொல்லியே விண்ணப்பத்தைத் திருப்பினார்கள். அவரோ நேரில் போய் நின்றார். இடம் தராமல் நகர மாட்டேன் என்றார். காந்தி காலமல்லவா, மறியல் எல்லோருக்கும் கைவந்திருந்தது.

ராமன் இறங்கி வந்தார். சும்மா இறங்கவில்லை, மூன்று நிபந்தனைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு வருஷத்துக்கு முறையான மாணவி என்று கணக்கில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். வழிகாட்டி சொன்னால் நடுராத்திரியானாலும் வேலை செய்ய வேண்டும். ஆய்வகத்தின் சூழலைக் கெடுக்கக் கூடாது.

அந்த மூன்றாவதில் கொஞ்சம் நில்லுங்கள். அமிலமும் பாதரசமும் அடுக்கி வைத்திருக்கிற கூடம் அது. அங்கே காற்றைக் கெடுக்கும் பொருள் என்று தனியாக அடையாளம் காணப்பட்டது இருபது சொச்ச வயதுப் பெண் ஒருத்தி. அவள் எத்தனை அடி கிட்டே வந்தால் சூழல் எவ்வளவு கெடும்? ஒளியின் அலைநீளம் இம்மியளவு மாறினாலும் கண்டுபிடித்துவிடுகிறவர் இதை மட்டும் அளக்கவில்லை. சோதனை இல்லை, அட்டவணை இல்லை, முடிவு மட்டும் தயாராக இருந்தது. அலைபாய்கிற கண் ஆணுடையது. ஒரு வருஷ நன்னடத்தைச் சோதனை இவளுக்கு. மேய்கிற மாட்டை அவிழ்த்துவிட்டுப் பயிருக்குக் கயிறு கட்டுகிற விவசாயம்.

இது ராமனின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொன்னால் அநியாயம். அவருக்கு முன்பே புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி சேர வந்தபோது, பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் கொதித்தார்கள். மகாராஜாவே தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. முத்துலட்சுமி 1912-ல் டாக்டரானார், சட்டமன்றத்துக்குப் போனார், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுப்பினார். அவர் பக்கத்து வகுப்பில் இருந்த ஒரே காரணத்தால் கெட்டுப்போன பையன்களின் பட்டியலை யாராவது பத்திரமாக வைத்திருந்தால் தயவுசெய்து வெளியிடலாம்.

கமலா ஒரு வருஷத்தைக் கடந்தார், 1936-ல் எம்.எஸ்சி. முடித்தார், கேம்பிரிட்ஜ் போனார். 40 பக்க ஆய்வேடு ஒன்று எழுதி 1939-ல் பிஎச்.டி. (வெள்ளைக்காரன் விசாலமானவன் என்று யாரும் புளகாங்கிதப்பட வேண்டாம். 1897-ல் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று வாக்கெடுத்தபோது, சைக்கிளில் உட்கார்ந்த பெண்பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டுக் கூத்தடித்த ஊர் கேம்பிரிட்ஜ். ஆணுக்குச் சமமான பட்டம் பெண்ணுக்கும் உண்டு என்று ஒப்புக்கொள்ள அதற்கு 1948 வரை ஆயிற்று.)

இனி அன்னா மாணி. பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத் தோடு கொடுத்தார்கள். அது வேண்டாம், என்சைக்ளோபீடியா வாங்கித் தாருங்கள் என்று கேட்ட குழந்தை. விதிக்கும் நகைச்சுவை உண்டு போல. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து ராமனின் ஆய்வகத்துக்கு வந்தவர் கையில் முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களைக் கொடுத்தார்கள், காதில் போட அல்ல. அவை எப்படி ஒளிர்கின்றன என்று ஒளித்தட்டில் பதிய வேண்டும். ஒரு பதிவுக்கே பதினைந்து, இருபது மணி நேரம். ராத்திரி ஆய்வகத்திலேயே படுத்து எழுந்தார். 1942-க்கும் 1945-க்கும் நடுவில் தன் பெயரில் மட்டும் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார்.

1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். பதில் வந்தது: எம்.எஸ்சி. இல்லை, ஆகவே பிஎச்.டி. இல்லை. வைரத்தைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. சோற்றைச் சமைத்துப் பரிமாறிய பிறகு, உலை வைக்கக் கற்றதற்குச் சான்றிதழ் எங்கே என்றார்கள்.

விதி விதிதானே என்று எழுந்து நிற்பீர்கள். உட்காருங்கள். 1917-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி இருந்தது. அதில் அமர்கிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்பது நிபந்தனை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் கணக்குத் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, அலுவலக நேரம் போக மிச்சத்தில் ஆய்வு செய்த இளைஞர். எம்.ஏ. மட்டும் படித்தவர், அதுவும் அன்னா மாணி படித்த அதே மாநிலக் கல்லூரியில். வெளிநாடு போக முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பதவிக்கு அவரை அழைத்த அசுதோஷ் முகர்ஜி நிபந்தனையைத் தூக்கி ஓரமாக வைத்தார். செய்தது சரி, அந்த வளைவின் வழியாகத்தான் இந்தியாவுக்கு அறிவியல் நோபல் வந்தது. அந்த இளைஞர் பெயர் ராமன்.

ஆக, விதிக்கு முதுகெலும்பு வளையும். யாரைப் பார்த்து வளைவது என்றுதான் அதற்குத் தெரிந்திருந்தது.

அன்னா மாணி டாக்டர் பட்டமில்லாமலே லண்டன் போய் வானிலைக் கருவிகளைக் கற்று வந்தார். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, இங்கேயே செய்ய வைத்தார். தும்பாவில் ராக்கெட் தளத்துக்கு வானிலைக் கூடம் அமைத்தார். அந்த ஆய்வேடு அட்டை போட்டபடி பெங்களூரில் ராமன் ஆய்வுக் கழகத்து நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

ஒரு மகளிர் தினத்துக்கு ஏதோ ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் கோலப்போட்டி. முதல் பரிசு மிக்சி, இரண்டாம் பரிசு ஹாட்பாக்ஸ். மேடைக்குப் பின்னால் ஆளுயர பிளெக்ஸில் அன்னா மாணி, கீழே ‘வானிலை அறிவியலின் தாய்’. கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷியையும் தாயாக்காமல் நம்மால் கும்பிட முடியாது. அந்த அம்மாள் ராத்திரி முழுக்க ஆய்வகத்தில் கிடந்தவர் என்று நான் சொன்னபோது பின்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கல்லூரியில் நூலகம் ஒன்பது மணி வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதிக் கதவு ஆறரைக்குப் பூட்டப்படும்.

எனக்குப் பிறகு பேசிய சிறப்பு விருந்தினர் பெண்ணுக்கு வானமே எல்லை என்று தொடங்கியபோது மணி ஆறேகால். விடுதி மணி அடித்தது. வார்டன் எழுந்து கையைக் காட்டினார். பட்டுப்பாவாடையும் புடவையுமாக வலப்பக்க வரிசைகள் மொத்தமாக எழுந்து, மிக்சிப் பெட்டியை இருவர் பிடித்துக்கொள்ள, கையெழுத்து நோட்டை நோக்கி ஓடின. இடப்பக்கத்துப் பையன்கள் கால்நீட்டி உட்கார்ந்தார்கள். விருந்தினர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலி நாற்காலிகளைப் பார்த்தபடி, விண்வெளி வரை வந்துவிட்டார்.