காலை அளக்கும் கனவான்கள்

டென்னிஸை ஆளும் கனவான்களுக்கு நாம் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை. பந்தைக் கையால் அடிக்கிற விளையாட்டில், ஆட்டக்காரரின் காலையே இத்தனை ஆண்டுகளாக விடாமல் அளந்துகொண்டிருப்பது லேசான காரியமா?

2020 ஜூனில் அமெரிக்க ஓப்பன் நிர்வாகம் அறிவித்தது: கொரோனா காலம், கூட்டத்தைக் குறைக்க வேண்டும், ஆகவே இந்த ஆண்டு சக்கர நாற்காலிப் போட்டி கிடையாது. கலப்பு இரட்டையரையும்தானே வெட்டினார்கள் என்று சிலர் நியாயம் பேசலாம்; ஆனால் நடக்கிறவர்களுக்கு ஒற்றையர் ஆட்டமாவது மிஞ்சியது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கு என்ன மிஞ்சியது? ஆடுகிறவர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஆஸ்திரேலியாவின் டிலன் அல்காட் அப்போது தன் பிரிவில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர். அதே அமெரிக்க ஓப்பனில் இருமுறை பட்டம் வென்றவர். எல்லாத் தகுதியும் இருந்தும் நடக்க முடிவது என்ற ஒரே தகுதி தனக்கு இல்லாமல் போயிற்று, இது அருவருப்பான பாகுபாடு என்று அவர் ஊரறிய எழுதினார். ஒரு வாரத்தில் நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்தது. போதிமரமெல்லாம் தேவைப்படவில்லை, ஊர் காறித் துப்பியதே போதுமானதாக இருந்தது. செப்டம்பரில் போட்டி நடந்தது. மறு ஆண்டு அல்காட் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களையும் பாராலிம்பிக் தங்கத்தையும் சேர்த்தே அள்ளினார்.

சரி, நடக்க முடியாததுதான் குற்றம், நடந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தின் ஆல்ஃபி ஹெவெட்டுக்குச் சிறு வயதிலேயே இடுப்பு மூட்டைத் தின்னும் பெர்தஸ் நோய். கொஞ்ச தூரம் நடப்பார்; ஓடியாடி ஆட முடியாது. சக்கர நாற்காலி டென்னிஸின் புதிய தகுதி விதிகள் அவரைச் சோதித்துவிட்டு, ஊனம் போதாது என்றன. பட்டங்கள் பல வென்ற இளைஞனை வீட்டுக்குப் போகச் சொல்ல, வலியில் மதிப்பெண் குறைவு என்பதே காரணம்! 2021 இறுதியில் விதியைத் திருத்தினார்கள். 2024-இல் அவர் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றார், போதாத அதே இடுப்போடு.

அந்த விம்பிள்டன் இன்னும் பெரிய இடம். நெதர்லாந்தின் சக்கர நாற்காலி ஆட்டக்காரர் எஸ்தர் வெர்கீர், 2003 தொடங்கி ஓய்வு பெறும்வரை ஒற்றையரில் தொடர்ந்து 470 ஆட்டங்கள் வென்றவர். விம்பிள்டன் ஒற்றையர் பட்டியலில் அவர் பெயரைத் தேட வேண்டாம், அவர் காலத்தில் அப்படியொரு பட்டியலே இல்லை. புல்தரையில் சக்கரம் உருள்வது சிரமமாம். உருட்டுகிறவர் அவர்தானே, கமிட்டியா? அதே புல்லில் இரட்டையர் ஆட்டம் மட்டும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாற்காலி ஏறினால் புல் மெத்தென்று ஆகிவிடும் போலும். வெர்கீர் 2013-இல் விடைபெற்றார். 2016-இல் புல் திடீரென்று ஒற்றையருக்கும் பக்குவப்பட்டுவிட்டது.

பாராலிம்பிக் நடந்த 2012, 2016, 2024 ஆண்டுகளில் அமெரிக்க ஓப்பனில் ஆடவர், மகளிர் சக்கர நாற்காலிப் பட்டங்களே இல்லை. தேதி இடிக்கிறதாம். தேதி குறிக்கிற இரு தரப்பாரும் பேசத் தெரிந்தவர்கள்தானே? ஒருவர் இன்னொருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.