எந்தக் கட்சி?

கேள்வி: ரக்பி வீரர் குவேட் கூப்பரைச் சிலர் மேதை என்கிறார்கள், சிலர் நம்பத்தகாதவர் என்கிறார்கள். தாங்கள் எந்தக் கட்சி?

பதில்: இரு கட்சியாரும் பார்த்தது ஒரே மனிதரைத்தான், பார்த்த தினங்கள்தாம் வேறு. நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்காக ஆடிய இவர், 2011-இல் குவீன்ஸ்லாந்து ரெட்ஸ் அணி சூப்பர் ரக்பி பட்டம் வெல்லப் பெரிதும் காரணமாக இருந்தவர். அதே ஆண்டு, உலகக் கோப்பை அரையிறுதியில், ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில், ஆட்டத்தைத் துவக்கும் முதல் உதையையே எல்லைக்கு வெளியே அனுப்பினார். ஆஸ்திரேலியா 6-20 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் முழங்காலிலும் பலத்த காயமுற்றார்.

ஓடுவதா, உதைப்பதா, தோழனிடம் எறிவதா என்பதைக் கண நேரத்தில் நிர்ணயிக்க வேண்டிய, இவரைப் போன்ற பத்தாம் எண் ஆட்டக்காரர்களில், பிறர் கண்ணுக்குப் புலப்படாத வழியைக் காணும் பிரதிபை வாய்த்தவர், சில சமயம் இல்லாத வழியையும் கண்டுவிடுவது இயல்பே. அந்தப் பிழைகளை அகற்றினால் அற்புதங்களும் உடன் போய்விடும் என்பது என் திடமான அபிப்பிராயம். பயிற்சியாளர்கள் பலருக்கு அந்தப் பொறுமை இல்லை. 2018-இல் ரெட்ஸ் அணியே அவரை ஒதுக்கிவிட, அவர் பிரிஸ்பேனில் உள்ளூர்க் கழகத்துக்கு ஆடினார்.

நான் மேதைக் கட்சிதான். சாட்சியம் வேண்டுமெனில், நான்காண்டு இடைவெளிக்குப் பின், 2021 செப்டம்பரில், கோல்ட் கோஸ்ட் நகரில், உலகச் சாம்பியனான தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இலக்கை நோக்கி உதைத்த எட்டையும் செலுத்தி, நேரம் முடிந்தபின் உதைத்த கடைசி உதையால் 28-26 என்று ஜயித்துக் கொடுத்தார், அந்த நம்பத்தகாதவர்.