லாகின்ல இருக்கார்

ஓ.எம்.ஆர். அடுக்ககங்களில் மாடிக்கு ஒருவராவது இப்படி இருப்பார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி, காதில் ஹெட்போன். 2020 மார்ச்சுக்கு முன்னால் இவரும் எல்லோரையும் போல வேலைக்குப் போனார், வந்தார். இப்போது செவ்வாய் முதல் வியாழன் வரை ஆபீஸ், மற்ற நாள் வீடு. அதை அப்படிச் சொல்லிவிட்டால் மரியாதை என்னாவது? "த்ரீ டேஸ் கம்யூட் பண்றேன், டூ டேஸ் ரிமோட்டா லாகின் பண்றேன்."

காலண்டரை பிளாக் பண்ணுவார், சீட்டை புக் பண்ணுவார், கார்டை ஸ்வைப் பண்ணுவார், ஸ்வைப் பண்ண மறந்த நாளை ரெகுலரைஸ் பண்ணுவார். வேலை என்று ஒன்று வந்தால் மட்டும், "செக் பண்ணிட்டு கனெக்ட் பண்றேன்."

ஆபீஸ் நாளில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்ந்து சிறுசேரி போய்ச் சேருவார். ஹெட்போனை மாட்டுவார். மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கும் சகாவோடு வீடியோ காலில் பேசுவார். எழுந்து போய்ப் பேசக் கூடாதா என்றால், கால் நோகும் என்பதல்ல. நேரில் பேசினால் ஸ்கிரீன் ஷேர் பண்ண முடியாதாம்.

வீட்டு நாள்தான் பெரும்பாடு. ஐந்து நிமிடம் கணினியைத் தொடாவிட்டால் டீம்ஸில் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். அதனால் வலது கை சாம்பார் சாதம் பிசையும்போது இடது கை மவுஸை உருட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து அம்மா, "தேங்காய் துருவிக் கொடுடா" என்பார். "ஈவினிங்குக்கு புஷ் பண்ணிக்கலாமாம்மா?"

ஈவினிங் அமெரிக்காவுக்குச் சொந்தம். நவம்பர் முதல் ஞாயிறன்று நியூயார்க்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிக்கொள்வார்கள். இங்கே 6.30 மணி கால் 7.30க்கு நகரும், கூடவே இரவுச் சாப்பாடும். அந்த ஊர்க் குளிர்காலம் வந்தது இந்த வீட்டு இட்லிப் பானைக்குத்தான் முதலில் தெரியும்.

அம்மாவும் இந்தப் பாஷையில் தேறிவிட்டார். தண்ணி லாரிக் கணக்கு கேட்க அசோசியேஷன் செகரட்டரி வந்தார்.

"பையன் இல்லையாம்மா?"

"லாகின்ல இருக்கான் சார். அஞ்சு மணிக்கு டிராப் ஆவான்."

"அப்போ அஞ்சு மணிக்கு வரேன்."

"அஞ்சரைக்கு வாங்க. நடுவுல அரை மணி நேரம் தேங்காய்க்கு பிளாக் பண்ணியிருக்கேன்."