பின் சீட்டு ஜமீன்

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. நாப்பது லட்சத்துக்கு ரெண்டு சக்கரம் வாங்கப் போறியாமே? கேட்டதுலேருந்து உங்கப்பன் மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கறான்.

ஹோண்டா கோல்ட் விங். நீ போன்ல காட்டினதை நானும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். 1833 சிசி, ஆறு சிலிண்டர். இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு, மல்லாந்து படுத்திருக்குது. கனமெல்லாம் கீழேயே தங்கிடறதால ஓடும்போது அசையாதுங்கறே. சரி. நிக்கும்போது சாஞ்சா? 390 கிலோடா! தூக்கி நிறுத்த நாலு பேரைக் கூப்பிடணும், அந்த நாலு பேருக்கும் பிரியாணி வாங்கணும். அதுக்குப் பயந்துதான் ரிவர்ஸ் வச்சிருக்கான். பொத்தானை அமுக்கினா பின்னால மெல்ல ஊர்ந்து போகுது.

கிளட்ச் பிடிக்க வேணாம், ஏழு கியரும் தானா மாறும். ரொம்ப சந்தோசம். தருமபுரி போறதுக்குள்ள எத்தனை வேகத்தடைன்னு எண்ணியிருக்கியா? இதுல ஏழாவது கியர் எங்கடா விழும்? தொப்பூர்ல விழும்னு சொல்லாதே. அந்தக் கணவாய் இறக்கத்துல லாரிக்காரனே சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் இறங்கறான். ஏர்பேக் இருக்குதேன்னு முறுக்காதே, அது ஒருதரம்தான் ஊதும்.

சுதந்திரத்துக்குப் போராடின சுப்பிரமணிய சிவாவுக்குத் தொழுநோய்னு சொல்லி ரயில்ல ஏற விடலை வெள்ளைக்காரன். அந்த மனுசன் நடந்தும் கட்டைவண்டியிலயும் ஊரூராப் போய்ப் பேசினாரு. 1925-ல கண்ணை மூடினது நம்ம பாப்பாரப்பட்டியிலதான். உனக்குப் பென்னாகரம் போயிட்டு வர 21 லிட்டர் டேங்க் வேணுமாக்கும்!

கோவிச்சுக்காதே. வண்டியில ஒண்ணு எனக்குப் பிடிச்சிருக்குது, பின் சீட்டு. சாஞ்சுக்க முதுகணை, மெத்து மெத்துன்னு இருக்கை, முதுகுக்குப் பின்னாலயே பாட்டுப் பெட்டி. நீ முன்னால குழி, லாரி, மாசத் தவணை எல்லாத்தையும் பார்த்து ஓட்டணும். பின்னால இருக்கறவனுக்கு வேடிக்கை பார்க்கறது ஒண்ணுதான் வேலை. செஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்குது, சொகுசு யாருக்குன்னு.

அதனால நான் குறுக்க நிக்கலை. உங்கப்பன்கிட்டயும் பேசறேன். கடன் பத்திரத்துல நீ கையெழுத்துப் போடு, ஒகேனக்கல்லுக்கு என்னிக்குக் கிளம்பறோம்னு மட்டும் எனக்குச் சொல்லு. உங்க பாட்டி காதுல போட்றாதே, பின்னால ஒரு சீட்டுதான் இருக்குது.