வட்டுப் பெயர்ச்சிப் பலன்கள்: ஓர் ஆய்வு

குருப்பெயர்ச்சிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் பலன் எழுதிக் குவித்த நம் பத்திரிகை உலகம், அவற்றைவிட நேரடியாக வீட்டு நிம்மதியைக் கெடுக்கும் ஒரு பெயர்ச்சியை இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. பழைய கம்ப்யூட்டரில் இருந்த ஹார்ட் டிஸ்க்குகள், புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டருக்குள் குடிபுகுவதையே இக்கட்டுரை வட்டுப் பெயர்ச்சி என்கிறது. சனி ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. வட்டுக்கு அப்படிக் காலக்கணக்கு கிடையாது. மதர்போர்டு கண்ணை மூட வேண்டும், அல்லது வீட்டுப் பையன் கிராபிக்ஸ் கார்டு கேட்டு அடம்பிடிக்க வேண்டும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்று தள்ளப்பட்ட பல இயந்திரங்களுக்கு அன்று ஒரே நாளில் பெயர்ச்சி யோகம் கூடியது.

இவ்வாய்வின் கருதுகோள் இது: வட்டு பெயர்வதற்குக் காரணம், அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமையே. சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் எந்தப் பையனிடம் கேட்டாலும் இதற்குச் சான்று கிடைக்கும். “சார், இந்தப் பழைய டிஸ்க்கையும் போடணுமா?” என்பான். “போட்டுடுப்பா, அதுல முக்கியமான ஃபைல் இருக்கு” என்பது பதில். எந்த ஃபைல் என்று அவன் கேட்பதில்லை. தொழில் தர்மம்.

முதலில் வீடுகள். ஜோதிடத்தில் வீடுகள் 12. விண்டோஸில் ஏ முதல் இசட் வரை 26. இவற்றில் ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிகளுக்கு எழுதிவைத்த சொத்து. 1981இல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. 1983இல் எக்ஸ்.டி. மாடல் 10 மெகாபைட் வட்டோடு வந்தபோது மூன்றாம் வீடான சி அதற்கு வாய்த்தது. ஃபிளாப்பி வம்சம் அற்றுப்போன பின்னும் முன்னிரண்டு வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. பழைய இயந்திரத்தில் சியில் உச்சம் பெற்றிருந்த வட்டு, புதியதில் ஈ, எஃப் என்று நீசமடைகிறது. ஷார்ட்கட்டுகள் மட்டும் இன்னும் பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டும்.

இன்றைய கேபினெட்டோ கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குமாக ஜொலிப்பது. மூன்றரை அங்குல வட்டுக்கு அதில் முன்வரிசை கிடையாது, எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குப் பக்கத்து இருட்டறைதான். மதர்போர்டின் மேல் விரல் நீளத்தில் ஒய்யாரமாகப் படுத்திருப்பவர் எம்.2 எஸ்.எஸ்.டி. சில மதர்போர்டுகளில் அவர் குறிப்பிட்ட இடத்தில் அமர்ந்தால் வட்டின் கேபிளைச் செருகும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு அஸ்தங்கமாகிவிடும். வட்டு செத்துவிட்டது என்று வீடே துக்கம் காக்கும்போது, காரணம் மேனுவலில் ஒரு வரியாக அச்சாகி, பெட்டியோடு பரணில் கிடக்கும்.

ஏழரை தொடங்குவது கேபிளில். ஐ.டி.இ. காலத்தில் 40 முனைப் பட்டைக் கேபிளில் இரண்டு வட்டுகளைக் கோத்து, எது எஜமான் எது அடிமை என்று கடுகளவு ஜம்பரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 2003இல் சாட்டா வந்து அந்த வருணப் பாகுபாட்டை ஒழித்தது. டேட்டாவுக்கு 7 முனை, பவருக்கு 15 முனை. எந்தக் கம்பெனி வட்டானாலும் இதேதான். இந்த ஒழுங்கைக் கண்டு மனம் எல்லாக் கேபிளும் ஒன்றே என்று அத்வைதம் பேசத் தொடங்கும். பேசக் கூடாது. கேபிளைத் தனியே கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ்களில், வட்டுப் பக்கத்துக்குத்தான் பொதுத் தரம் உண்டு, எஸ்.எம்.பி.எஸ். பக்கத்துக்குக் கிடையாது. எந்த முனையில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறலாம். பழைய கேபிள் புது எஸ்.எம்.பி.எஸ்ஸில் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்துவதுதான் ஆபத்து. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து, பல ஆண்டுகள் உழைத்த வட்டு ஒரு நொடியில் முக்தியடையும். “ஏற்கெனவே மாட்டியிருக்கிற கேபிளை எதற்குக் கழற்றுவது” என்ற சோம்பலுக்கு இவ்வளவு பெரிய தண்டனையை எந்தக் கிரகமும் தந்ததில்லை.

அடுத்தது லக்ன தோஷம், அதாவது எந்த வட்டிலிருந்து கம்ப்யூட்டர் எழுந்திருப்பது என்ற சண்டை. புது எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் போடும்போது பழைய வட்டும் உடனிருந்தால், துவக்கக் கோப்புகளை விண்டோஸ் பழைய வட்டிலேயே எழுதிவிடக்கூடும். அன்றைக்கு எல்லாம் சுபம். சில மாதம் கழித்து, சத்தம் போடுகிறதே என்று பழையதைக் கழற்றினால் புதியது எழுந்திருக்க மறுக்கும். எனவே புது வட்டில் விண்டோஸ் குடியேறும்வரை பழையவரை வெளியே உட்காரவைப்பதே முறை. எக்ஸ்.பி. இருந்த வட்டிலிருந்தே புது இயந்திரத்தை எழுப்பிவிடலாம் என்று நம்பியவர்கள் முன்பு நீலத் திரையில் 7பி என்ற பிழை எண்ணைத் தரிசித்தார்கள். பின்னால் வந்த விண்டோஸ்களுக்கு இடம் மாறினால் ஒத்துப்போகும் குணம் அதிகம்.

உள்ளே நுழைந்தாயிற்று என்றால் அனுமதிப் படலம். அதே பெயர், அதே பாஸ்வேர்டு. ஆனாலும் உங்கள் ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதியில்லை என்று விண்டோஸ் சொல்லும். அது பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறை நிறுவும்போதும் பயனருக்குப் புதிதாக ஒரு நீண்ட அடையாள எண் சூட்டுகிறது. பழைய ஃபோல்டரின் உரிமை பழைய எண்ணுக்கே. உரிமையை மாற்றி எழுதிக்கொள்ள வழியுண்டு, பொறுமை வேண்டும். பிட்லாக்கர் பூட்டிய வட்டென்றால் 48 இலக்கச் சாவி கேட்கும். அதை எழுதிவைத்த ஃபைல் அந்த வட்டுக்குள்ளேயே இருப்பது உலக வழக்கு.

இனி களஆய்வு. வட்டைத் திறந்தால் ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் 2’, ‘ஓல்டு பி.சி.’. ஓல்டு பி.சி.க்குள் அதற்கு முந்தைய பெயர்ச்சியின் ‘ஓல்டு பி.சி.’. கல்யாண போட்டோக்கள் மூன்று பிரதி, மூன்றும் ஒரே வட்டில். (இதை பேக்கப் என்று கொள்ளும் மரபு தமிழ்நாடு முழுவதும் பரவியுள்ளது.) காயலான் கடைக்குப் போய்விட்ட பிரிண்டருக்கான டிரைவர். கருதுகோள் வென்றது என்று ஆய்வாளர் பேனாவை மூடப்போகும் இடத்தில்தான் ஒரு தடை எழுகிறது.

அது அப்பா தட்டச்சு செய்த தமிழ்க் கடிதங்கள். யூனிகோடுக்கு முன்பு பாமினி, வானவில், டிஸ்கி என்று ஒவ்வொருவருக்கு ஒரு குறியேற்றம். 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி டாம், டாப் என இரண்டைத் தரமாக்கியது. 2010இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அந்தக் காலக் கடிதத்தை, எழுத்துரு இல்லாத புது இயந்திரத்தில் திறந்தால், பாமினியில் அடித்த ‘அம்மா’ ஆங்கிலத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்பாள். பொறுக்கியெடுத்து நகல் செய்தவர்கள் கடிதத்தை மட்டும் எடுத்தார்கள். எழுத்துரு பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலேயே தங்கி அழிந்தது. என்ன இருக்கிறதென்று தெரியாமல் வட்டை அப்படியே தூக்கிவந்தவர் வீட்டில், அந்த ஃபோல்டரிலிருந்து எழுத்துருவை எடுத்துப் புதியதில் நிறுவிக்கொண்டால், அம்மா அம்மாவாகவே இருக்கிறாள். ஆக, கருதுகோளில் கூறிய அறியாமை குற்றமல்ல. அதுவே பாதுகாப்பு என ஆய்வு திருத்திக்கொள்கிறது.

ஆயுள் பாவம் மட்டும் பாக்கி. வட்டுக்கும் ஜாதகம் உண்டு, ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைக் கணித்துத் தரும். ஓடிய மணிநேரம் 43,800 என்றால் இடைவிடாத 5 ஆண்டு. கெட்டுப்போய் மாற்றிவைத்த செக்டர்கள், சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள் ஆகிய இரு எண்களும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. மாதாமாதம் ஏறினால் மாரகம்.

பரிகாரம்: பழைய பவர் கேபிளைப் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸோடு கட்டி வையுங்கள், புதியதில் செருகாதீர்கள். எழுத்துருக்களைத் தனி ஃபோல்டரில் போடுங்கள். நவக்கிரகம் சுற்றிச் செக்டர் குணமானதாகத் தகவல் இல்லை. ஆகவே வட்டு நல்ல நிலையில் இருக்கும்போதே முழுவதையும் இன்னொரு வட்டில் நகலெடுத்து அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். அதே கேபினெட்டுக்குள் இருக்கும் இரண்டாவது நகல் கணக்கில் வராது.