ஓரெழுத்துத் தூரம்

இலங்கையின் பாடசாலை வகைப்பாட்டில், உயர்தர வகுப்புகளில் விஞ்ஞானப் பிரிவையும் கொண்டது 1ஏபி எனவும், அப்பிரிவு இல்லாதது 1சி எனவும், தரம் 11 உடன் நின்றுவிடுவது வகை 2 எனவும் வழங்கப்படுவதால், பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலுள்ள விசுவமடு போன்ற ஊர்களில் வகுப்புகளைக் கூட்டுவதென்பது, கோப்பளவில், ஓர் எழுத்தை மாற்றும் சிறு வேலையே. ஆனால் ஆளணி, அதாவது ஒரு பாடசாலைக்கு அனுமதிக்கப்படும் ஆசிரியர் எண்ணிக்கை, பெரும்பாலும் மாணவர் தொகையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத இடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றாரோ துணிவதில்லை. கலியாணம் ஆகாமல் பைத்தியம் தீராது, பைத்தியம் தீராமல் கலியாணம் ஆகாது என்ற பழமொழியைச் சுற்றுநிருபமாக்கினால் இவ்வாறுதான் அமையும். இச்சிக்கலில் அகப்படாதது கட்டடம் ஒன்றே: அடிக்கல்லுக்கு மாணவரும் வேண்டாம், ஆசிரியரும் வேண்டாம், ஓர் அதிதியும் மாலையும் போதும். அருகிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்று அரசு 2016ஆம் ஆண்டில் திட்டமே வகுத்தது. எதற்கு அருகில் என்பதை அது விளக்காமையால், பிள்ளைகள் அதைப் பேருந்துத் தரிப்பிடத்துக்கு அருகில் என்று பொருள்கொண்டு, கிளிநொச்சிக்குப் புறப்பட்டால் அவர்களைக் குறைகூற முடியாது.