முதற்பதிப்பு அண்ணன்

பெம்பான் பக்கத்துத் தாமான்களில் பழைய பேப்பர் லோரி “சூராட் காபார் லாமா” என்று கூவிக்கொண்டு நுழையும்போது, அதற்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து நிற்பார். அவர்தான் முதற்பதிப்பு அண்ணன். ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணியாக இருப்பார், இல்லாவிட்டால் தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஜாசினில் ஒருவர், மெர்லிமாவில் ஒருவர் என்று ஊருக்கு ஒருவர் தேறுவார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

“அவுங்க ஆசையா படிச்சதுங்க ஐயா” என்று கணவரை இழந்த அம்மா ஒரு நாவலை நீட்டினால், “படிச்சாங்களா?” என்று முகம் சுளிப்பார். முதுகுத் தையல் விட்டிருக்குமே!

கதாநாயகன் பெயர் அவருக்குத் தேவையில்லை. அச்சு விவரப் பக்கம் போதும். “லை எழுத்தைப் பாரு தம்பி, துதிக்கை இருக்கா? தமிழ்நாட்டு அரசு எழுத்தைத் திருத்துனது 1978-ல. துதிக்கை இல்லாம 1972 முதற் பதிப்புன்னு போட்டிருந்தா, பழைய தேதிய அப்படியே வச்சுப் புதுசா அடிச்சிருக்கான்.” அடுத்து முகவரி. சென்னை-17 என்று முடிந்தால் முகம் மலரும். 600 017 என்று நீண்டால், இந்தியாவில் அந்த ஆறு இலக்கம் வந்ததே 1972 ஆகஸ்டு 15-இல்தான் என்று நாள் சொல்லி இறங்கி வருவார். ஐ.எஸ்.பி.என். 13 இலக்கமா? 2007-க்குப் பிந்தைய சரக்கு. தொடக்கூட மாட்டார்.

அவருடைய வாழ்நாள் கனவு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, கலைஞன் பதிப்பகம், 1972. பினாங்கும் மேடானும் வருகிற கதை, நம் பக்கத்துச் சங்கதி. பிற்பாடு வந்த பதிப்புகள் வீட்டில் அடுக்கடுக்காக இருக்கின்றன. படித்தீர்களா என்று கேட்டால், “மொத பதிப்பு கிடைக்கட்டும், படிக்கலாம்” என்பார்.

‘பொன்னியின் செல்வன்’ பேச்சை எடுத்தால் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கல்கியின் எழுத்து 1999-இல் நாட்டுடைமையானது. அதன்பின் அச்சடிப்பவரெல்லாம் தத்தம் புத்தகத்தில் கூசாமல் ‘முதற் பதிப்பு’ என்று போட்டுக்கொள்கிறார்கள். மூலப் பதிப்பின் ஆண்டையும் தங்கள் முதல் பதிப்பின் ஆண்டையும் தனித்தனியே போடும் காலச்சுவடு மீது அண்ணனுக்கு அதனாலேயே தனி மரியாதை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் கிழித்துத் தைத்த ‘கல்கி’ கட்டு வைத்திருப்பவர் வீட்டுக்கு, தீபாவளிக்குப் பலகாரத்தோடு போவார்.

இத்தனை வித்தையும் மலேசியத் தமிழ் நாவலிடம் செல்லாது. மணிமேகலைப் பிரசுரம் வெளியிட்டதாக இருந்தால் தாளின் தன்மை, எழுத்தின் புள்ளி அளவு, தையலா இல்லையா என்பதுவரை அட்டவணை போட்டு, ‘முதல் பதிப்பு’ என்றும் அதிலேயே சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டாலும் குழப்பமில்லை. வெளியீட்டு விழாவில் பிரமுகர்கள் மாலையோடு வாங்கியது போக, மிச்சம் எழுத்தாளர் கட்டிலுக்கடியில் முதற்பதிப்பாகவே மூப்படைகிறது. 1993-இல் வந்து பின்னர் மறுபதிப்புக் கண்ட ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போல ஒன்றிரண்டுதான் தப்பின. நம் நாட்டில் அபூர்வச் சரக்கு இரண்டாம் பதிப்புதான்.

அதனால் அடுத்த நூல் வெளியீட்டுக்கு மீகூன் சாப்பிட மட்டும் போகாமல், ஆளுக்கொரு படி காசு கொடுத்து வாங்கிவிடுங்கள். முதற்பதிப்பு தீர்ந்தால்தான் அண்ணனுக்கும் தொழில் நடக்கும்.